புதுப்பிப்பு: மடிநோயும் சோற்றுத் தீனியும்

சென்னை வியாசர்பாடி, மாதவரம் மாட்டுக் கொட்டகைகளில் திரும்பத் திரும்ப வரும் மடிநோய்க்கு (பால்மடி அழற்சி) ஈரத்தரையையும் கறப்பவர் கையையும் மட்டும் போன பதிவில் காரணம் சொல்லியிருந்தேன். தீனியைச் சொல்லாமல் விட்டது தப்பு.

ஓட்டல் மிச்சச் சோறு, அரிசி நொய், மக்காச்சோள மாவு மிஞ்சினால் மாட்டின் முதல் வயிற்றில் (தின்றது முதலில் போய் நொதிக்கும் பெரிய பை) அமிலம் ஏறும். பி.எச். (அமில அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5.6-க்குக் கீழே மணிக்கணக்கில் நின்றால் அங்குள்ள பாக்டீரியாக்கள் செத்து நச்சை விடும். அது புண்பட்ட வயிற்றுச் சுவர் வழியே ரத்தத்தில் கலந்து அழற்சியைக் கிளப்பும். மடியைக் காக்கும் வெள்ளையணுக்களும் தளரக்கூடும். நுரைத்த இளஞ்சாணி, குறைந்த அசை, பாலில் கொழுப்பு இறக்கம் அமிலம் ஏறியதற்கு அடையாளம்.

முதலில் வைக்கோல், பிறகே தீவனம், அதுவும் 3-4 வேளையாக. மாவுத்தீனியை 2 வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். சமையல் சோடா மாடொன்றுக்கு நாளைக்கு 100-150 கிராம் கலக்கலாம் (வைக்கோலுக்கு ஈடாகாது). அண்டாச் சோற்றை ஒரேயடியாகத் தின்றுவிட்ட மாட்டுக்குக் கைவைத்தியம் வேண்டாம், உடனே கால்நடை மருத்துவர்.