தடைக்காலத்தில் திருமங்கலத்தில் மீன் கடை: கணக்கு எப்படி?

கேள்வி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது ராமேஸ்வரம் சரக்கை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியுமா? விலை எப்படிப் போடுவது?

பதில் 1: தடை விசைப்படகுக்குத்தான் அண்ணே, நாட்டுப்படகுக்கு இல்லை. வரத்து குறையும், அறவே நிற்காது. மே மாதம் முழுக்க கேரளச் சரக்கு கைகொடுக்கும். ஜூன் முதல் பாதிதான் இறுக்கம். மேற்குக் கரையிலும் தடை தொடங்கிவிடும். மற்ற மாதங்களில் பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள்தான். திங்கள், புதன், சனி போகும் படகு மறுநாள் காலை கரைக்கு வரும். வண்டியை அதற்குப் பேசுங்கள்.

பதில் 2: விலையில் பலர் சறுக்குவது எடைக் கழிவில். ஒரு மாதிரிக் கணக்கு: 100 கிலோ, கிலோ 300 ரூபாய் என்றால் 30,000. ஐஸ், வண்டி, இறக்குகூலி 3,000. கழிவு 5 கிலோ. 33,000-ஐ 95-ஆல் வகுத்தால் 347. லாபம் அதற்கு மேல்தான். 330 என்று போட்டால் கைக்காசு போகும்!

பதில் 3: ஐஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். நம்மூர் வெயிலுக்கு மீன் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும். பொடித்த ஐஸ்; பெரிய கட்டி மீனை நசுக்கும், இடைவெளியும் விடும். அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ். பெட்டியடியில் ஓட்டை அவசியம். உருகிய தண்ணீரில் ஊறினால் சாளை வயிறு வெடிக்கும்.