மறு: கார் புகாச் சரளைத்தடம் – கலைச்சொல் பற்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘கிராவல் சைக்கிள்’ பாதைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, போக்குவரத்து இல்லாத கிராவல் பாதையில் சைக்கிள் ஓட்டுவது. இதற்கு ஒரே சொல் கிடைக்குமா?

ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம் என்பது என் கட்சி. தரை எப்படி இருக்கிறது, அதில் யார் வரக்கூடாது, சுற்றிலும் என்ன விளைகிறது என்று மூன்று செய்திகள் இதில் இருக்கின்றன. முதல் இரண்டுக்குத்தான் கலைச்சொல் வேண்டும். மூன்றாவது வருணனை, வாக்கியத்தில் வந்து போகட்டும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் டிரெயில் என்று ஒன்று உண்டு. ஆபர்னில் தொடங்கி லீசிங்ஹாம், வாட்டர்வேல், பென்வொர்தம், செவன்ஹில் வழியாகக் கிளேரைத் தாண்டி வடக்கே போகிறது. சுமார் 35 கிலோமீட்டர். ஒரு காலத்தில் ரயில் ஓடிய வழி. 1983இல் வந்த ‘சாம்பல் புதன்’ காட்டுத்தீயில் பாதை சேதப்பட்டது. மறு ஆண்டே மூடிவிட்டார்கள். தண்டவாளம் போன இடத்தில் 1990களில் சைக்கிள் பாதை வந்தது. ரயில் ஏறக்கூடிய சரிவுதான் என்பதால் மிதிப்பவருக்கு அதிகம் மூச்சு வாங்காது. செவன்ஹில் பக்கம்தான் மேடு, அங்கிருந்து எந்தத் திசையில் திரும்பினாலும் இறக்கம்.

> கிராவல் என்றே எழுதலாமே, எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான், சிக்கலும் அங்கேதான். தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் கிராவல் மண் என்றால் லாரியில் அள்ளிப்போகும் செம்மண். இலங்கையில் கிரவல் வீதி என்றாலும் செம்மண் பாதைதான் கண்முன் வரும். கிளேரில் சக்கரத்துக்குக் கீழே இருப்பது பொடிக்கல்.

ஜல்லி என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கான்கிரீட்டுக்குப் போகிற கல். கூர் விளிம்பு, ஒன்றோடொன்று படியாது. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டியிருப்பதும் அந்த இனம்தான். அதன்மேல் சைக்கிளை விட்டால் சக்கரம் உருளாது, புதையும். பழைய ரயில்வழியைச் சைக்கிளுக்கு மாற்றுகிறவர்களுக்கு முதல் வேலையே அந்தப் பெருங்கல்லை அள்ளுவது, அல்லது அதன்மேல் சிறுகல்லும் கல்தூளும் பரப்பி உருளை ஓட்டி இறுக்குவது. ஆக, எதை அப்புறப்படுத்துகிறார்களோ அதன் பெயரையே பாதைக்கு வைப்பதாகிவிடும்.

> கப்பித்தடம். கப்பி ரோடு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தானே?

ஐயா, இங்கே வந்த சொற்களிலேயே என்னை யோசிக்க வைத்தது இதுதான். உடைத்த கல்லைப் பரப்பி அழுத்திய சாலை என்ற பொருளில் கிளேர் பாதைக்குக் கப்பியைப்போல் நெருங்கிய சொல் வேறில்லை. ஆனாலும் கப்பி இறுகிப்போன கல். இந்த ஓட்டத்தின் சுகமும் சங்கடமும் இறுகாத கல்லில் இருக்கிறது. ஒரு வளைவை நினைத்துப் பாருங்கள். முன்னே போனவர்களின் டயர் கல்லை ஒதுக்கி ஒதுக்கி, நடுவில் கெட்டியான இரண்டு கோடுகளும் அவற்றின் ஓரத்தில் உதிரிக்கல் வரப்பும் நிற்கும். கோட்டில் போகும்வரை தார்ச்சாலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. முன்சக்கரம் வரப்பில் ஏறிய நேரம் பார்த்து முன்பிரேக்கைப் பிடித்தால் ஆள் கீழே. டயரை 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகலமாகப் போட்டு, காற்றையும் குறைத்து வைப்பது இதற்காகத்தான். இந்த உதிரிக்குணம் சரளையில் இருக்கிறது, கப்பியில் இல்லை.

தவிர, நாம் ஒரு பாதைக்கு மட்டும் பெயர் தேடவில்லை. இத்தாலியின் டஸ்கனியில் கியாந்தித் தோட்டங்களுக்கு இடையே வெள்ளைச் சாலைகள் இருக்கின்றன. அவற்றின் பெயரிலேயே 2007 முதல் ஒரு பந்தயம் நடக்கிறது. அமெரிக்காவின் கான்சஸில், எம்போரியா ஊரைச் சுற்றி 2006இல் தொடங்கிய நெடும்பந்தயத்தில் சிக்கிமுக்கிக்கல் சில்லுகள் டயரைக் கிழித்துவிடும். 2022இல் இத்தாலியின் வெனெத்தோ பகுதியில் இதற்கென்றே உலகச் சாம்பியன் போட்டியும் தொடங்கிவிட்டது. எல்லாம் ஒரே ஆட்டம், கல் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. சரளை என்றால் அத்தனையும் அடங்கும். சரளைத்தடம், சரளைப் பந்தயம், சரளை வண்டி, சரளை டயர் என்று ஒட்டிப் பார்த்தாலும் இடறவில்லை. (சரளத்துக்கும் சரளைக்கும் எழுத்தில் இவ்வளவு நெருக்கம் ஏனோ. சரளையில் யாரும் சரளமாகப் போக முடியாது.)

இன்னொருவர் சொன்ன பரல்தடம் அழகுதான், பரல் என்றால் சிறுகல். பாலை நிலத்துப் பாட்டுகளில் பரல் நிறையக் கிடக்கிறது. இன்றைய வாசகருக்கோ பரல் என்றதும் சிலம்பு உடைகிற சத்தம்தான் காதில் விழும். கவிதைக்கு வைத்துக்கொள்வோம்.

> போக்குவரத்தற்ற / வாகனமற்ற / மோட்டாரற்ற

போவதும் வருவதும் இல்லையென்றால் அது புதர் மண்டிய பாதை. வாகனமற்ற என்றால் சைக்கிள் எதில் சேர்த்தி? மோட்டாரற்ற என்பது போன தலைமுறைக்குச் சரி. இன்று மின்மிதிவண்டியிலும் இத்தகைய பாதைகளுக்கு வருகிறார்கள். 250 வாட் மோட்டார் அதில் இருக்கிறது. எல்லோருக்கும் மனசில் இருப்பது என்னவென்றால், பின்னாலிருந்து கார் வராது என்கிற நிம்மதி. அதைச் சொல்லிவிடலாமே: கார் புகாப் பாதை. இன்னொரு வசதியும் உண்டு. கிளேர் பாதையைச் சாலைகள் குறுக்கே வெட்டுகின்றன. அங்கே நின்று பார்த்துத்தான் கடக்க வேண்டும். ‘அற்ற’ என்றால் அது பொய்யாகிவிடும். ‘புகா’ என்றால் பொய்யில்லை. கார் குறுக்கே போகும், உள்ளே நுழையாது.

‘வைன் கன்ட்ரி’ என்பதை மது நாடு என்று யாரோ எழுதியிருந்தீர்கள், தயவுசெய்து வேண்டாம். படிப்பவர் தள்ளாடும் நாட்டைத்தான் நினைப்பார். ரீஸ்லிங் என்பதே ஒரு திராட்சை வகையின் பெயர். செவன்ஹில்லில் 1851இல் இயேசு சபையினர் கொடி நட்டதுகூட முதலில் பூசைக்கு வேண்டிய திராட்சை ரசத்துக்காகத்தான். திராட்சைப் பள்ளத்தாக்கு என்றோ திராட்சைத் தோட்டங்கள் ஊடே என்றோ எழுதினால் போதும்.

----------

நண்பர் ஒருவரின் பதில்:

> கார் புகாப் பாதை

கார் என்றால் எனக்கு மழைமேகம். மேகம் புகாத பாதை என்று படித்துவிட்டுத் திடுக்கிட்டேன். விளையாட்டு இருக்கட்டும், கார் புகாது, சரி. தோட்டத்து டிராக்டர் புகலாமா? மோட்டார் சைக்கிள்? உங்கள் சொல் பாதி வேலிதான் போடுகிறது. சரளையை ஒப்புக்கொள்கிறேன். கப்பியை மட்டும் அடியோடு தள்ளிவிடாதீர்கள், கல்தூள் போட்டு இறுக்கிய தடத்துக்கு அது வேண்டும்.

----------

அவருக்கு என் மறுமொழி:

> தோட்டத்து டிராக்டர் புகலாமா?

சரியான கேள்வி. அறிவிப்புப் பலகைக்கும் விதிமுறைக்கும் நீளமான வடிவம் வேண்டும்: ‘மோட்டார் வண்டிகள் நுழையக்கூடாது, மின்மிதிவண்டிக்கு அனுமதி உண்டு’. கலைச்சொல் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை. கட்டுரையிலும் வழிகாட்டிப் புத்தகத்திலும் கார் புகா என்றால், லாரியும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்தே வெளியே நிற்கின்றன என்று யாருக்கும் புரியும். மேகத்தைப் பற்றி: பக்கத்தில் சைக்கிள் என்ற சொல் இருக்கும்வரை பயமில்லை.

கப்பியையும் விடவில்லை. சரளைத்தடம் பொதுப்பெயர், அதில் உருளையிட்டு இறுக்கிய வகை கப்பித்தடம். இப்படிப் பிரித்தால் ரீஸ்லிங் டிரெயில் கப்பித்தடம், ஆற்றோர உதிரிக்கல் வழி வெறும் சரளைத்தடம். சைக்கிளை வாடகைக்கு எடுப்பவருக்கு எந்த டயர் கேட்பது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “ஆபர்னிலிருந்து கிளேர் வரை திராட்சைத் தோட்டங்கள் ஊடே போகும் கார் புகாச் சரளைத்தடம் இது, குழந்தைகளையும் அழைத்துப் போகலாம்.” ‘புகா’வுக்குப் பின் ஒற்று மிகும், அச்சில் விட்டுவிடாதீர்கள்.

ஓட்டுகிறவரை என்ன சொல்வது என்பது பாக்கி. சரளையர், சரளையாளர் இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. ‘சரளையில் ஓட்டுபவர்’ என்று விரித்தே எழுதலாம் என நினைக்கிறேன். வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். விக்சனரியில் சரளைத்தடத்துக்குப் பக்கம் தொடங்கி, கப்பித்தடத்தை உள்வகையாகச் சேர்த்துவிடுகிறேன்.