ஹேமர் வந்திருக்கு, ஆர்எஸ்ஐ 27: காலையிலேயே வாங்கிடலாமா?

மஞ்சக்குப்பம்காரன்:
வணக்கம். கடலூர்ல மருந்துக்கடை வச்சிருக்கேன். கூட்டம் குறைஞ்ச நேரத்துல சார்ட் பார்ப்பேன். மூணு வாரமா இறங்கிட்டு இருந்த ஒரு பங்கு இன்னைக்கு 427ல ஆரம்பிச்சு, 412 வரைக்கும் போயி, 430ல முடிஞ்சிருக்கு. உச்சம் 431. டெய்லி சார்ட்ல அச்சு அசல் ஹேமர், அதாவது சின்ன உடம்பும் நீளமான கீழ்வாலும் வச்சு சுத்தியல் மாதிரி தெரியற, இறக்கம் திரும்பலாம்னு சொல்ற கேண்டில் (ஒரு நாள் விலையைக் காட்டுற மெழுகுவத்தி வடிவம்). விலையோட வேகத்தை 0லேர்ந்து 100க்குள்ள சொல்ற ஆர்எஸ்ஐ 27. கையில 60,000 இருக்கு. காலையில 9.15க்கே மொத்தமா போட்டுடலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

லாஸ்பேட்டை:
ஆர்எஸ்ஐ 30க்குக் கீழ வந்தாலே தாராளமா வாங்கலாம் ப்ரோ.

முத்தியால்பேட்டை:
லாஸ்பேட்டை தம்பி சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன், கோவிச்சுக்க வேணாம். 2020 பிப்ரவரி கடைசியில நிஃப்டி குறியீடு 11,200 பக்கம் இருந்தப்பவே டெய்லி ஆர்எஸ்ஐ 30க்குக் கீழ போயிடுச்சு. அங்க வாங்கினவங்க மார்ச் 24ல 7,511ஐப் பார்த்தாங்க. வைல்டர்ங்கிற சார்ட் நிபுணர் 1978ல கொடுத்த இந்தக் கணக்கு, 14 நாள் ஏத்தத்தையும் இறக்கத்தையும் எடை போட்டு வேகத்தைத்தான் சொல்லும். 27ன்னா இறக்கம் வேகமா இருக்கு, அவ்வளவுதான்.

இப்ப உங்க ஹேமர். உடம்பு, அதாவது ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் நடுவுல, 3 ரூபாய்; கீழ்வால், அதாவது 427லேர்ந்து 412 வரைக்கும், 15 ரூபாய். ரெண்டு மடங்கு இருந்தாலே ஹேமர்ம்பாங்க, இது அஞ்சு மடங்கு. உருவத்துல குறையே இல்ல. ஆனா இதே உருவம் ஏத்தத்தோட உச்சியில வந்தா ஹேங்கிங் மேன், இறங்கப் போகுதுன்னு எச்சரிக்கை. அதனால அது எங்க வந்திருக்குங்கிறதுதான் முக்கியம். 412 பக்கத்துல முன்னாடி எப்பவாவது நின்னு திரும்பியிருக்கா? இன்னைக்கு வால்யூம், அதான் கைமாறின பங்கு எண்ணிக்கை, 20 நாள் சராசரியைத் தாண்டிச்சா? ரெண்டையும் நீங்க சொல்லவே இல்ல.

கேண்டில் முறையை 18ஆம் நூற்றாண்டு ஜப்பான் அரிசி வியாபாரி ஹொம்மா முனேஹிசா பேர்ல சொல்லுவாங்க. உங்க முதுநகர் துறைமுகத்துல மீன் ஏலம் பார்த்திருப்பீங்களே? விலை விழுந்ததும் ஒருத்தர் கூடையைத் தூக்கினா பத்தாது, அடுத்த கூடைக்கும் ஏத்திக் கேக்க ஆள் வேணும். நாளைக்கு 431க்கு மேல முடியட்டும். அதுவரைக்கும் ஹேமர் வெறும் தகவல்தான். நடுப்பகல்ல 435 தொட்டுட்டு 424ல முடிஞ்சா அது கணக்குல சேராது, 3.30 வரைக்கும் பொறுங்க.

மஞ்சக்குப்பம்காரன்:
பார்த்துட்டேன் அண்ணே. வால்யூம் சராசரியைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. போன ஜூன்ல 410 பக்கத்துல ஒரு தடவை திரும்பியிருக்கு. அப்போ உறுதியானதும் முழுசா இறங்கலாமா?

முத்தியால்பேட்டை:
ரெண்டுமே நல்ல சேதி. ஆனாலும் முழுசா வேணாம். எவ்வளவு நஷ்டம் தாங்கும்னு முதல்ல முடிவு பண்ணுங்க, எத்தனை பங்குன்னு அப்புறம் தானா வரும். 433ல வாங்கி ஸ்டாப்லாஸ், அதாவது நஷ்டம் பெருகாம வித்து வெளியேற வைக்கிற விலை, 411ல வச்சா பங்குக்கு 22 ரூபாய் நஷ்டம். 1,100 போனா பரவாயில்லன்னா 50 பங்கு, 21,650 ரூபாய். காலையில 411க்குக் கீழயே திறந்தா ஸ்டாப்லாஸ் நீங்க வச்ச விலையில போகாது, இன்னும் கீழதான் போகும். அதையும் மனசுல வச்சுக்கோங்க. வீக்லி சார்ட் இன்னும் இறக்கத்துல இருந்தா 25 பங்கோட நிறுத்துங்க. மருந்து கொள்முதலுக்கு வச்ச பணம்னா அதுல கை வைக்காதீங்க தம்பி.

மஞ்சக்குப்பம்காரன்:
வீக்லி இறக்கத்துலதான் இருக்கு. 431க்கு மேல முடிஞ்சா 25 மட்டும் வாங்கறேன் அண்ணே.