காவிரியில் ஒரு நாள் கயாக்: பீமேஸ்வரியா, முத்தத்தியா?

பானஸ்வாடிவாசி:
வணக்கம். நாங்கள் நாலு பேர், அதில் ரெண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. அவசரமில்லாமல் காவிரியில் கயாக் ஓட்டிவிட்டு ராத்திரிக்குள் பெங்களூர் திரும்ப வேண்டும். முத்தத்தி, மேகேதாட்டு, பீமேஸ்வரி என்று ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள். ஆகஸ்ட் லாங் வீக்கெண்டில் போகலாமா? காற்றடிக்கிற கயாக் ஒன்று வாங்கிக்கொண்டு போனால் செலவு மிச்சமா?

கன அடி:
ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். பெங்களூரில் வெயில் அடித்தாலும் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டினால் கே.ஆர்.எஸ்., கபினி அணைகள் ரெண்டையும் திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் முழுக்க இந்த வழியாகத்தான் வரும். தமிழ்ப் பத்திரிகைகளில் தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலு நீர்வரத்து தினமும் வருகிறதே, அந்தக் கன அடிக் கணக்கைப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம்.

இடம் என்றால் பீமேஸ்வரி. கனகபுரா ரோடு வழியாக சுமார் 100 கி.மீ. அங்கே கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் முகாம் இருக்கிறது. முன்பதிவு செய்யும்போதே அன்றைக்கு ஆற்றில் கயாக் விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி காவிரி வனவிலங்கு சரணாலயம். ஆற்றில் முதலையும் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் சொந்தக் கயாக்கை இறக்கக் கூடாது, அதனால் வாங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். மேகேதாட்டில் ஆறு பாறை இடுக்குக்குள் நுழைகிறது, அது கயாக்குக்கான இடமே இல்லை. முத்தத்தியில் மேலே அமைதியாகத் தெரிகிற தண்ணீருக்கு அடியில் மடுவும் சுழலும் இருக்கின்றன. வருஷா வருஷம் உயிர் போகிற இடம்.

துடுப்பு:
மேலே உட்கார்ந்து ஓட்டுகிற திறந்த வகைக் கயாக்காகக் கேளுங்கள். கவிழ்ந்தால் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். இரட்டை இருக்கை ரெண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் நீச்சல் தெரிந்தவர் பின்னால் உட்காரட்டும், திசை திருப்புவது அவர் வேலை. முன்னால் இருப்பவர் போடுகிற தாளத்துக்குப் பின்னாலிருப்பவர் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் துடுப்பும் துடுப்பும் மோதும்.

லைஃப் ஜாக்கெட்டை எல்லா பக்கிளும் மாட்டி இறுக்கியபின் தோள்பட்டை வாரை ஒருவர் மேலே இழுத்துப் பார்க்கட்டும். அது காதுவரை ஏறினால் அளவு பெரிது, தண்ணீரில் கழன்றுவிடும்.

துடுப்பைத் தலைமேல் வைத்து முழங்கை செங்கோணமாக மடங்குகிற இடத்தில் பிடியுங்கள். குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். புதியவர்கள் பாதிப்பேர் திருப்பித்தான் பிடிப்பார்கள். கையால் மட்டும் இழுத்தால் அரை மணியில் முன்கை பிடித்துக்கொள்ளும். பாதத்தை மிதியில் ஊன்றி, இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பி இழுங்கள்.

பானஸ்வாடிவாசி:
கவிழ்ந்தால் என்ன செய்வது? பாறை இருக்கிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

துடுப்பு:
ஓட்டத்தில் விழுந்தால் எழுந்து நிற்காதீர்கள். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று காலை ஊன்றினால் பாறை இடுக்கில் பாதம் சிக்கும், ஓட்டம் முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்து, அமைதியான இடம் வந்ததும் கரைக்கு நீந்துங்கள். தேங்கின இடத்தில் கவிழ்ந்தால் கயாக்கை நிமிர்த்தி, நடுப்பகுதியில் வயிற்றை வைத்துக் காலை உதைத்து ஏறிப் புரண்டு உட்காரலாம். கரையோரம் இதை ஒருமுறை பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

தண்ணீர்ப் பரப்பில் 'வி' வடிவம் தெரியும். அதன் கூர்முனை உங்களை நோக்கி இருந்தால் அங்கே பாறை. முனை ஓட்டத்தின் திசையில் இருந்தால் அதுதான் வழி. கயாக் குறுக்காகப் போய்ப் பாறையில் ஒட்டினால் பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்வோம்; அந்தப் பக்க விளிம்பில் தண்ணீர் ஏறிக் கவிழ்த்துவிடும். பாறையைக் கட்டிப்பிடிப்பதுபோல அதன் பக்கமே சாயுங்கள். கரையிலிருந்து சாய்ந்து கிடக்கிற மரத்துக்குப் பக்கத்தில் மட்டும் போகவே வேண்டாம், தண்ணீர் கிளைக்குள் புகுந்து போகும், ஆள் போக முடியாது.

கன அடி:
ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், குதிகாலில் வார் உள்ள செருப்பு, முழுக்கைச் சட்டை. போனையும் கார் சாவியையும் தண்ணீர் புகாத டிரை பேக்கில் போட்டு வாயை மூன்று முறை சுருட்டிப் பூட்டுங்கள், ஒரு சுருட்டு போதாது. காலை 8 மணிக்கு ஆற்றில் இறங்கினால் மதியக் காற்று கிளம்பும் முன் பெரும்பகுதி முடிந்துவிடும். 4 மணிக்குள் கரையை விட்டுக் கிளம்புங்கள். காட்டு ரோட்டில் இருட்டினால் யானை நடமாட்டம் இருக்கும்.