மேலே சுருட்டை, கீழே கம்பி: தை வரைக்கும் எப்படித் தள்ளுவது?

காட்பாடிக்காரி:

தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், என் தலையின் நிலைமையே அதுதான்.

வயது 31. வீடு காட்பாடியில், வேலை ஆபீசர்ஸ் லைன் பக்கம். பிறவியிலேயே நல்ல சுருட்டை. "சுருட்டை முடி சோறு போடும்" என்று சொல்லிக்கொண்டேதான் பாட்டி சிக்கெடுப்பார். எனக்குச் சோறு வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் 'தேங்காய் நார்'. கல்லூரி முடித்து வாங்கிய முதல் சம்பளத்தில் பார்லருக்குப் போய் ரீபாண்டிங் செய்தேன், அதாவது மருந்து கிரீம் தடவிச் சுருட்டையைக் கம்பி போல நேராக்குவது. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, வளர்ந்த வேருக்கு மட்டும். இப்படி எட்டு வருடம் ஓடியது.

போன வருடம் சித்திரையில் கடைசியாகப் போனபோது, கிரீமைத் தடவிய பெண் போன் பேசப் போய்விட்டார். எரிகிறது என்று இரண்டு தடவை சொன்னேன். "கொஞ்சம் எரியத்தான் செய்யும், மேடம்." இரண்டு காதுக்கும் பின்னால் கொப்புளம். அன்றைக்கு நிறுத்தியதுதான். இப்போது ஆவணி, பதினாறு மாதம் ஆகிவிட்டது.

புதிதாக வளர்ந்த சுருட்டை இழுத்துப் பிடித்தால் ஒரு சாண், விட்டால் நாலு விரல். அதற்குக் கீழே பழைய நேர் முடி இன்னொரு சாண் தொங்குகிறது. குடையின் அடியில் ஜன்னல் திரையை மாட்டியது போல இருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இரண்டும் சேரும் இடத்தில் பட்டுப் பட்டென்று உடைகிறதே, அதற்கு என்ன செய்வது? சீப்பில் வருவதெல்லாம் வேரோடு வந்த முடி இல்லை, பாதியில் ஒடிந்த துண்டு.

தையில் தம்பிக்குக் கல்யாணம். நாத்தனார் முடிச்சு நான்தான் போட வேண்டும். அதாவது தாலி கட்டும் போட்டோவில் மணப்பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் குனிந்திருக்கும் தலை என்னுடையது. "ஒரே ஒரு தடவை நேராக்கிக்கோடி, அப்புறம் உன் இஷ்டம்" என்று அம்மா தினமும் காலையில் ஆரம்பிக்கிறார். மாமா ஒரு படி மேலே போய் நம் வேலூர்ப் பழமொழியை எடுத்துவிட்டார்: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், அழகில்லாத பெண்கள். ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக்குள் இருக்கும் தன் கோயிலுக்குத் திரும்பி வந்து ஒரு வரியைப் பொய்யாக்கிவிட்டார். கடைசி வரிக்கு நான்தான் கிடைத்தேனா?

வெட்டாமல் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அம்மா சொல்வது போல அந்த 'ஒரே ஒரு தடவை' செய்தால் என்ன ஆகும்?


வெயிலூரான்:

காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு ரயில் இருக்கிறது. ஏறிப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தால் புண்ணியத்துக்குப் புண்ணியம், தலையும் ஒரே நாளில் சரி. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் அண்ணி அப்படித்தான் செய்தார்.


காட்பாடிக்காரி:

அண்ணா, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றேகால். இன்றைக்கு மொட்டை போட்டால் தையில் ஆறு சென்டிமீட்டர் கூட இருக்காது. பட்டுப்புடவை, ஒட்டியாணம், அதற்கு மேலே பட்டாளத்துக்காரர் தலை. அம்மா என்னை மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார். பூமுடி வேண்டுமானால் கொடுக்கிறேன்.


தோல்_கெமிஸ்ட்:

ராணிப்பேட்டையில் டேனரி வேலை, இருபது வருடமாக. முடியை வளர்ப்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் முடியைக் கரைப்பதுதான் என் சோறு. அதனால் அந்த 'ஒரே ஒரு தடவை' பற்றி மட்டும் சொல்கிறேன்.

பச்சைத் தோல் வந்ததும் ஊற வைத்து, அப்புறம் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு ட்ரம்மில் சுற்றவிடுவோம். கொஞ்ச நேரத்தில் மாட்டு முடி கூழாகிவிடும். காரணம் இதுதான்: முடி என்பது கெரட்டின் என்கிற புரதம். அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பது கந்தகப் பிணைப்பு. அதை அறுத்தால் முடி தன் உருவத்தை விட்டுவிடும். முழுக்க அறுத்தால் கூழ். பாதி அறுத்து, இஸ்திரி போட்டு, வேறு உருவத்தில் திரும்பக் கட்டினால், அதற்குத்தான் பார்லரில் காசு வாங்குகிறார்கள்.

ரீபாண்டிங் கிரீமில் பெரும்பாலும் இருப்பது தயோகிளைகோலேட். முடி நீக்கும் கிரீமிலும் அதே குடும்பம்தான், அங்கே காரத்தன்மை அதிகம். இரண்டாவதாகத் தடவுவது ஹைட்ரஜன் பெராக்சைடு. அறுத்த பிணைப்பை நேரான நிலையில் மறுபடி கட்டுவது அதன் வேலை. வெளிநாட்டில் 'ரிலாக்ஸர்' என்று விற்பது வேறு ரகம். அதில் காஸ்டிக் சோடா இருக்கும். காஸ்டிக் சோடா இல்லை என்று எழுதி விற்பதைத் திருப்பிப் பார்த்தால் கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும். கால்சியம் ஹைட்ராக்சைடு என்றால் வேறொன்றும் இல்லை, எங்கள் சுண்ணாம்பு. முதல்முறை அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு விஷயம். ஒன்று, கீழே இருக்கும் நேர் முடி எந்த எண்ணெய்க்கும் எந்த மூலிகைக்கும் பழையபடி சுருளாது. அது வெளியே வந்துவிட்ட முடி, உயிர் இல்லாதது. வேரில் புதிதாக வருவதுதான் உங்கள் சொந்த முடி. இரண்டு, புதிய முடிக்கு மட்டும் என்று எவ்வளவு ஜாக்கிரதையாகத் தடவினாலும், அந்தச் சேரும் இடத்தில் கிரீம் கொஞ்சமாவது படும். அங்கே ஏற்கெனவே ஒருமுறை அறுத்துக் கட்டிய முடி இருக்கிறது. மறுபடி அறுத்தால் கூழுக்குப் பக்கத்தில் போகிறீர்கள். முன்னே போட்டது ஒரு ரகம், இப்போது போடுவது வேறு ரகம் என்றால் இன்னும் மோசம்.

முடிவு உங்களுடையது. நானாக இருந்தால் போட மாட்டேன். எனக்கு முடியே இல்லை என்பது வேறு விஷயம்.


குடியாத்தம் அக்கா:

தங்கச்சி, நான் இரண்டரை வருடம் இப்படி இரண்டு தலையோடு திரிந்தவள். வெட்டாமல் முழுக்கத் தாண்டினேன் என்று சொன்னால் பொய். மாதம் ஒரு விரல்கடை வெட்டிக்கொண்டே வந்தேன். யாருக்கும் தெரியாது. அப்படித்தான் செய்ய வேண்டும்: வளர்வது எவ்வளவோ அவ்வளவை அடியில் எடுத்துவிட்டால் நீளம் மாறாது, உள்ளே சுருட்டை மட்டும் ஏறிக்கொண்டே வரும்.

முதலில் சீப்பு. காய்ந்த தலையில் சீப்பை வைக்காதே. இது ஒன்றைக் கேட்டால் போதும், உடைவதில் பாதி நிற்கும். தலைக்குக் குளித்து, கண்டிஷனரை வழுவழுவென்று பூசி, தலையை நாலாகப் பிரித்து, விரலால் சிக்கெடு. நுனியில் ஆரம்பித்து மேலே வா. சேரும் இடத்துக்கு வரும்போது அதற்கு மேலே ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே எடு. வேரிலிருந்து சர்ரென்று இழுப்பது உன் பாட்டி செய்த வேலை. பாவம், அந்தக் காலத்தில் அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீரில் தலை அலசினால் முடி விறைத்துப்போகும், சிக்கு இரண்டு மடங்கு. உங்கள் பக்கம் காவிரித் தண்ணீர் வருகிறதா? வரும் நாளில் ஒரு குடம் தனியாகப் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு மட்டும் அதை ஊற்று. முழுக் குளியலுக்கும் அந்தத் தண்ணீரைக் கேட்டால் வீட்டில் சண்டை வரும், எனக்கு வந்தது.

குளிப்பதற்கு முந்தின ராத்திரி தேங்காய் எண்ணெய். அது முடிக்குள் இறங்கும், துவைக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். ஆனால் பரபரவென்று தேய்க்காதே, தடவினால் போதும். டர்க்கி டவலைத் தூக்கிப் போடு, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடு. நீ வண்டியில் போகிறவளாக இருந்தால் ஹெல்மெட்டுக்குள் வழுவழுப்பான துணி ஒன்று கட்டிக்கொள். ஹெல்மெட் நுரை உரசி உரசியே எனக்கு இடது பக்கம் உடைந்தது.

ஆளிவிதையைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, கொழகொழவென்று வந்ததும் சூட்டோடு வடிகட்டு (ஆறினால் துணியை விட்டு இறங்கவே இறங்காது, ஒரு நல்ல கர்சீப் போச்சு). அதுதான் ஜெல். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். வடிகஞ்சி எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு ஒத்துவரவில்லை. கஞ்சி போட்ட வேட்டி மாதிரி நின்றது.

இப்போது முக்கியமானது. நீயும் உன் அம்மாவும் மேலே இருப்பதைக் கீழே இருப்பது போல ஆக்கப் பார்க்கிறீர்கள். தலைகீழாக யோசி. கீழே இருப்பதை மேலே இருப்பது போல ஆக்குவது சுலபம், மருந்தே வேண்டாம். தலை முக்கால்வாசி காய்ந்ததும் அந்த ஜெல்லைத் தொட்டு, எட்டு இல்லை பத்து சின்னச் சடையாகப் பின்னு. சுருட்டை இருக்கும் வரை தளர்வாக, நேர் முடி ஆரம்பித்ததும் கொஞ்சம் இறுக்கமாக. நுனியை ஒரு துண்டுத் துணியில் சுருட்டிக் கட்டிவிட்டுப் படு. காலையில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும். ஈரம் இருந்தால் அத்தனையும் வீண். நேர் முடி வளைந்துகொள்ளும், மேலே கீழே வித்தியாசம் தெரியாது. அடுத்த தடவை தண்ணீர் படும்வரை நிற்கும். வேலூர் வெயிலில் வியர்த்தால் சாயங்காலம் வரை, அவ்வளவுதான். தை மாதம் என்பதால் தப்பித்தாய்.

இந்த வித்தையெல்லாம் நான் கற்றது அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் போட்ட வீடியோக்களில். அவர்கள் இதற்கு 'ட்ரான்ஸிஷன்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வெயிலூரான் தம்பி சொன்ன மாதிரி ஒரேயடியாக வெட்டுவது 'பிக் சாப்'. முடிக்காக வேலையில் ஒதுக்கக்கூடாது என்று கலிபோர்னியாவில் 2019-ல் சட்டமே போட வேண்டி வந்ததாம். நம்மைத் தேங்காய் நார் என்றதோடு விட்டார்கள். ஒன்று மட்டும்: அவர்கள் பூசும் கெட்டியான வெண்ணெய்களை வாங்கிப் பணத்தைக் கரைக்காதே. அவர்களுடைய சுருள் இன்னும் நெருக்கம், நமக்கு அது பிசுக்கென்று படிந்துவிடும்.


சத்துவாச்சாரி பார்லர்:

நான் பார்லர் வைத்திருக்கிறேன், அதனால் திட்டினாலும் பரவாயில்லை. எரிகிறது என்று சொன்ன பிறகும் கிரீமைக் கழுவாமல் விட்டது தப்புதான். அந்தத் தொழில் செய்கிறவள் என்ற முறையில் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"ரீபாண்டிங் வேண்டாம், கெரட்டின் போட்டுக்கோங்க, அது சத்து" என்று யாராவது சொல்வார்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல கலவைகளில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு புகை வரும். 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. வாடிக்கையாளருக்கு வருடத்தில் இரண்டு நாள் புகை, எங்களுக்கு வாரத்தில் நாலு நாள். கண் எரிந்து, தொண்டை கட்டி, நான் அதை விட்டுவிட்டேன். வருமானம் குறைந்தது உண்மை.

கல்யாணத்தன்று எந்த முடி தெரியப் போகிறது என்று நினைக்கிறீர்கள்? சடையா, கொண்டையா? சடை என்றால் சவுரி வைத்து, பூ ஜடை தைத்துக் கட்டுவார்கள். எடை முழுக்க நீங்கள் உடைகிறது என்று சொல்லும் அந்த இடத்தில்தான் தொங்கும். வேண்டாம். தாழ்வாக ஒரு கொண்டை, நேர் முடி அத்தனையும் கொண்டைக்குள் போய்விடும். சுற்றி மல்லி. குனிந்து முடிச்சுப் போடும்போது கேமராவுக்குத் தெரிவது நெற்றியோரச் சுருளும் பூவும்தான். சுருட்டை முடியில் பூ வழுக்காது, எத்தனை நேர் முடிக்காரிகள் தாலி கட்டும் நேரத்துக்குள் பூவைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். யார் கட்டினாலும் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: ஸ்ப்ரே அடித்துப் பின்பக்கமாகச் சீவி உப்பலாக்கக் கூடாது, ரப்பர் பேண்டு போடக் கூடாது.


காட்பாடிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. கெமிஸ்ட் சார் எழுதியதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மாட்டுத் தோல் வரும் இடம் வரை "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். கூழ் என்றதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் இரண்டு நாளாக அந்தப் பேச்சு இல்லை.

குடியாத்தம் அக்கா, சனிக்கிழமை ராத்திரி பத்து சடை பின்னிப் பார்த்தேன். பின்பக்கம் கை எட்டாமல் மூன்று சடையை அம்மாதான் பின்னினார். ஞாயிறு காலை ஏழு சடை நன்றாக வந்தது. பின்னால் இருந்த மூன்றும் காயாமல் தொங்கிப்போயின. மின்விசிறிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும் போல.

ஆளிவிதையைச் சூட்டோடுதான் வடிகட்டினேன். கர்சீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வடிகட்டியது தம்பியின் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த புது அங்கவஸ்திரத்தில் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கறை போக யாராவது வழி சொல்லுங்கள், அம்மா இன்னும் பார்க்கவில்லை.