அம்மப்பா கொண்டுவந்த யப்பானியத் துவக்கு: அதன் வரலாற்றை அறிவது எவ்வாறு?

படுவான்கரையான்
வணக்கம். என் அம்மப்பா இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியப் படையின் லொறிச் சாரதியாகப் பர்மாவில் இருந்தவர். சமரில் விழுந்த யப்பானியச் சிப்பாய் ஒருவனிடமிருந்து எடுத்தது என்று சொல்லி ஒரு துவக்கைக் கொண்டுவந்து, வயற்காவலுக்கு வைத்திருந்தாராம். அதனால் பன்றி சுட்ட கதையும் வீட்டில் உண்டு. 1984 இல் நாட்டு நிலைமைக்குப் பயந்து மாமா அதைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டார். ஒப்படைப்பதற்கு முதல்நாள் இரவு, குப்பிவிளக்கு வெளிச்சத்தில், இரும்பில் பொறித்திருந்த அடையாளங்களின்மேல் கொப்பித்தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் பிரதி எடுத்திருக்கிறார். அந்தத் தாள் இப்போது என் கையில் இருக்கிறது. மேலே பூவிதழ் போன்ற மூன்று வளைவுகளும், அவற்றையொட்டித் தாறுமாறான கீறல்களும் உள்ளன. கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று எழுத்துகள்: முதலாவது மூன்று கிடைக்கோடுகள், இரண்டாவது கூரைபோல் விலகிச் சாயும் இரு கோடுகள், மூன்றாவது சிக்கலானது. வேறோர் இடத்தில் ஓர் இலக்கமும், ஒன்றையொன்று வெட்டும் நான்கு வட்டங்களும் காணப்படுகின்றன. எந்தச் சமரில் கிடைத்த துவக்கு என்று அறிய வழியுண்டா?

கல்லடியார்
உங்கள் மாமாவுக்குத்தான் முதலில் நன்றி சொல்ல வேண்டும். முதல் எழுத்து மூன்று, அடுத்தது எட்டு, கடைசி எழுத்து 'வகை' என்று பொருள்படும். ஆகவே இது 38 ஆம் வகை அரிசாக்கா றைபிள். மெய்ஜி பேரரசரின் 38 ஆவது ஆட்சியாண்டாகிய 1905 ஐக் குறிக்கும் பெயர் அது. 1939 இல் வந்த 99 ஆம் வகையென்றால் முதலிரண்டு எழுத்துகளும் ஒன்றாகவே இருந்திருக்கும். நான்கு வட்டங்கள் தோக்கியோ ஆயுதசாலையின் முத்திரை; வேலை கொக்குராவுக்கு மாறியபின் அங்கும் அதுவே தொடர்ந்தது. இலக்கத்துக்கு முன்னால் சிறு வட்டத்துக்குள் ஓர் எழுத்து இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். அது உற்பத்தித் தொடரைக் காட்டும்.

இனி அந்தக் கீறல்கள். அவ்விடத்தில் இருந்தது 16 இதழ்களைக் கொண்ட செவ்வந்திப் பூ, பேரரசரின் சின்னம். 1945 இல் யப்பான் சரணடைந்தபோது, ஆயுதங்களைக் கையளிக்கும் முன் பலவற்றில் அதை அராவி அழித்தார்கள். சமர்க்களத்தில் எடுத்தவற்றில் பூ பெரும்பாலும் முழுதாகவே இருக்கும். உங்கள் தாளில் மூன்று இதழே மிஞ்சியிருப்பதால், விழுந்தவனின் கையிலிருந்து எடுத்ததைவிட, சரணடைவின் பின் குவித்துவைத்த ஆயுதங்களிலிருந்து வந்தது என்பதே பொருந்துகிறது. குடும்பக் கதைக்கு இது எதிராக நிற்பதை அறிவேன், மன்னிக்கவும்.

பன்றிக் கதையையும் நான் அவ்வளவாக நம்பவில்லை. இந்த றைபிளுக்கு 6.5 மில்லிமீற்றர் ரவை வேண்டும், பிரித்தானிய.303 ரவை இதில் பொருந்தாது.

திருக்கோவில் வாத்தியார்
தம்பி, அமெரிக்கப் படையினர் கொண்டுபோன ஆயுதங்களுக்கு மேலதிகாரி கையொப்பமிட்ட சான்றிதழ் இருக்கும். இணையத்தில் நீங்கள் காணும் அறிவுரைகள் பெரும்பாலும் அதைத் தேடச் சொல்பவை, நமக்கு உதவா. அம்மப்பாவின் படையிலக்கமும் பிரிவின் பெயரும் கிடைத்தால், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தென்கிழக்காசியக் களப் பிரிவுகளின் போர் நாட்குறிப்புகளை டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் பார்க்கலாம். சாரதி ஒருவரின் பெயர் அவற்றில் அகப்படுவது அரிது. ஆனால் 1945 செப்டெம்பரில் அந்தப் பிரிவு எங்கே நின்றது என்பது தெரியவரும். பதக்கம் ஏதும் உண்டா?

படுவான்கரையான்
ஐயா, ஆறுமுனை நட்சத்திரம் ஒன்று உண்டு, நாடா நைந்துவிட்டது. நடுவில் சிவப்பும் இருபுறமும் நீலமும், நீலத்துக்குள் செம்மஞ்சள் கோடுகளும் தெரிகின்றன. பின்புறம் வெறுமையாக உள்ளது.

திருக்கோவில் வாத்தியார்
அது பர்மா நட்சத்திரம். பிரித்தானியா வழங்கிய அந்தக் காலத்து நட்சத்திரங்களில் பெயர் பொறிப்பதில்லை. ஆகவே பின்புறம் வெறுமையாக இருப்பது இயல்பு. அவர் பர்மாப் போரில் சேவை செய்தார் என்பது வரை கதை நிற்கிறது. படையிலக்கத்துக்குச் சம்பளப் புத்தகத்தையோ பழைய கடித உறையையோ றங்குப்பெட்டியின் அடியில் தேடுங்கள்.

படுவான்கரையான்
உருப்பெருக்கியால் பார்த்தேன். இலக்கத்தின் முன் வட்டம் இருக்கிறது. உள்ளே இருக்கும் எழுத்து பென்சில் கரியில் மங்கிவிட்டது. மாமியிடம் றங்குப்பெட்டியின் சாவியைக் கேட்டிருக்கிறேன்.