தண்டவாள சைக்கிளுக்கு உருளை கடைந்து தர சேலத்தில் யாராவது உண்டா?

பழைய சைக்கிள் ஒன்றைத் தண்டவாளத்தில் ஓடும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன். ரயில் ஓடும் பாதையில் இல்லை, பயப்படாதீர்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி அது குற்றம். மாமாவின் மூடிக்கிடக்கும் ஆலைக்குள் ஒரு துண்டுப் பாதை இருக்கிறது, அங்கேதான்.

சைக்கிள் ஒரு தண்டவாளத்தில் நிற்கும். எதிர்த் தண்டவாளம் வரை குழாய் நீண்டு, முனையில் சின்னச் சக்கரம். அகலப்பாதை, இடைவெளி 1,676 மி.மீ. அதுகூடப் பரவாயில்லை, முன்சக்கரம்தான் தலைவலி. ஹேண்டில் லேசாகத் திரும்பினாலே இறங்கிவிடும். ஹேண்டிலைப் பூட்டிவிட்டு, டயருக்கு முன்னால் தண்டவாளத் தலையை இரு பக்கமும் அணைக்கிற மாதிரி உருளைகள் வைக்க வேண்டும்.

அவற்றை நைலானில் கடைந்து தர செவ்வாய்ப்பேட்டை, ஐந்து ரோடு பக்கம் லேத் பட்டறை தெரிந்தால் சொல்லுங்களேன். கேட்ட பட்டறையில், நாலு உருளைக்கெல்லாம் மெஷின் ஓட்ட முடியாதாம்! அப்புறம், குழாய் முனையில் மாட்டப் பழைய வீல்சேர் சக்கரம் இருந்தால் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.